தீப்பற்றாத பொடி

எங்கள் பக்கத்தில் புதிதாக ஒரு பொருள் வீட்டுக்குள் வந்தால் முதலில் கேட்பது "பத்துமா?" என்றுதான். பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போகிற வீடுகளில் தீயைத் தவிர வேறு பயம் கிடையாது. மருந்து என்றால் எங்களுக்குப் பட்டாசுக்குள் போகிற மருந்துதான். காய்ச்சலுக்குச் சாப்பிடுவது மாத்திரை. வேலை முடிந்து வருகிற ஆளின் துணியில் மருந்துத் தூசி இருந்தால் அடுப்புப் பக்கம் அண்ட விடமாட்டோம். அடுப்பை விட்டுத் தள்ளி நின்றால் போதும். அதே துணியோடு பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சலாம், அதே கையால் சோறு ஊட்டலாம். தீப்பிடிக்காத எதுவும் எங்களுக்குக் கெடுதல் இல்லை.

நானும் அப்படி நினைத்தவள்தான். படித்தவள், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள் என்ற திமிர் வேறு.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. சாத்தூரிலிருந்து அச்சங்குளம் போகிற பக்கத்தில், ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே விலகிய ஊரில் நான் பால்வாடி டீச்சர். ஒரே அறை, ஒரு ஆயா, இருபது பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கூட. பிள்ளைகளின் அம்மா அப்பா எல்லாரும் காலையில் கம்பெனி வண்டி ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் திருத்தங்கலில் காலண்டர் அடிக்கிற பிரஸ்ஸில் கட்டிங் மிஷினில் நின்றார்.

அந்த வருஷம் தைப்பொங்கலுக்குப் பால்வாடிக்கு வெள்ளையடித்தோம். ஆபீஸிலிருந்து சுண்ணாம்பு வந்தது, காவி வரவில்லை. சுவருக்கு அடியில் காவிப் பட்டை இல்லாவிட்டால் பொங்கல் கழிந்த மாதிரியே இருக்காது எங்களுக்கு. நான் காவிக்கு அலைவதைப் பார்த்துவிட்டு எங்கள் தெருவில் மூன்றாவது வீட்டுக்காரி வந்தாள். என்னைவிட நாலைந்து வயது இளையவள். அவள் பையன் என்னிடம்தான் பால்வாடிக்கு வந்துகொண்டிருந்தான். படபடவென்று பொரிகிற வெடிக்குக் குருணை செய்கிற பிரிவில் அவளுக்கு வேலை.

"காவிக்கா இந்தப் பாடு படுறீக டீச்சர்? எங்க கம்பெனியில செவப்பு மருந்து டின்னு டின்னா வருது. காலி டின்னு அடியில ஒட்டிக் கெடக்குறத சொரண்டி வெளியதான் கொட்டுறாக. எம்புட்டு வேணும், சொல்லுங்க."

"பத்துமா?" என்று கேட்டேன்.

"தனியாப் பத்தாது டீச்சர். மத்ததோட கலந்தாத்தான்."

மறுநாள் தூக்குச்சட்டியில் கொண்டுவந்தாள். ஆரஞ்சும் சிவப்பும் கலந்த பொடி, சட்டியைத் தூக்கினால் கை இறங்குகிற கனம். அவள் சொன்னதை அப்படியே நம்பிவிடவில்லை நான். பால்வாடிக்குப் பின்னால் ஒரு கல்லில் ஒரு சிட்டிகை வைத்து, தீக்குச்சியை உரசி விரல் சுடுகிறவரை பிடித்தேன். லேசாகக் கறுத்தது, ஆறியதும் பழைய நிறத்துக்கு வந்தது. பற்றவில்லை. ஆயாவிடம் "பயமில்ல, கலக்குங்க" என்றேன்.

சுண்ணாம்புத் தண்ணீரில் கரைத்து, ஒட்டுவதற்குக் கொஞ்சம் மைதாக் கஞ்சி ஊற்றி, முழங்கால் உயரத்துக்குப் பட்டை அடித்தோம். அப்படி ஒரு நிறத்தை எங்கள் ஊர்ச் சுவர் பார்த்ததில்லை. மிச்சமிருந்ததை என்ன செய்வது என்று யோசித்து, பிள்ளைகளின் கைக்கு எட்டுகிற உயரத்தில் அ முதல் ஔ வரை சுவர் நீளத்துக்கு எழுதினேன். ஒவ்வொரு எழுத்தும் ஒரு முழம்.

அந்த எழுத்துகளின் மேல் விரலை ஓட்டித்தான் பிள்ளைகள் எழுதிப் பழகினார்கள். வெறும் விரல் சுண்ணாம்பில் இழுத்துக்கொண்டு நின்றது. அதனால் நாக்கில் தொட்டுக்கொள்ளச் சொன்னேன். ஈர விரல் வழுக்கிக்கொண்டு போகும், போன தடம் பளபளவென்று தெரியும், காய்ந்ததும் மறுபடி எழுதலாம். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். "நாக்குல தொடு, செவுத்துல ஓட்டு" என்று நான் பாட்டாகவே சொல்வேன், அவர்கள் கூடவே கத்துவார்கள். பார்வைக்கு வந்த மேடம் மற்ற பால்வாடி டீச்சர்களைக் கூட்டி வந்து காட்டப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். நான் ஒரு வாரம் தரையில் நடக்கவில்லை.

ஊர்ப் பெண்களும் வந்து பார்த்தார்கள். எங்களுக்கும் கொஞ்சம் கொடுங்கள் என்று கேட்டார்கள். மூன்றாவது வீட்டுக்காரியிடம் சொல்லி இன்னும் இரண்டு சட்டி கொண்டுவரச் சொன்னேன். பேப்பரில் பொட்டலம் கட்டி, அவள் வீட்டையும் சேர்த்து ஒன்பது வீடுகளுக்கு என் கையாலேயே கொடுத்தேன். எங்கள் வீட்டுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை, எங்களுடையது வாடகை வீடு.

என் மகளுக்கு அப்போது மூன்றரை வயது. வாயைத் திறந்தால் மூடமாட்டாள். பஸ்ஸில் யார் பக்கத்தில் உட்கார்ந்தாலும் அவர்கள் வீட்டில் இன்றைக்கு என்ன குழம்பு என்று கேட்டுவிடுவாள். என்னோடுதான் பால்வாடிக்கு வருவாள். டீச்சர் மகள் என்பதால் எல்லாவற்றிலும் அவள்தான் முதலில். மற்ற பிள்ளைகள் ஒரு தடவை எழுதினால் இவளை மூன்று தடவை எழுதச் சொல்லுவேன்.

பங்குனியில் அவளுக்கு வயிற்று வலி வந்தது. காலை மடக்கிக்கொண்டு சுருண்டு படுப்பாள். நாலு நாள், ஐந்து நாள் வெளிக்குப் போகமாட்டாள். முகம் வெளுத்தது. குடல் ஏறியிருக்கிறது என்று எண்ணெய் போட்டுத் தட்டினார்கள். பூச்சி என்று மாத்திரை கொடுத்தார்கள். கண்பட்டுவிட்டது என்று மிளகாய் சுற்றிப் போட்டார்கள். இருக்கன்குடிக்குப் போய் முடியிறக்கினோம். யார் என்ன சொன்னாலும் செய்தேன். பிறகு அவள் பேச்சு குறைய ஆரம்பித்தது. தண்ணீர் வேண்டுமென்றால் குடத்தைக் காட்டினாள். சித்திரையில் ஒரு நாள் பஸ்ஸில் ஒரு அம்மா, "பாப்பா பேரு என்ன?" என்று கேட்டபோது என் மகள் அந்த அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தாள். பெயரை நான்தான் சொன்னேன்.

மதுரையில் ஒரு குழந்தைகள் டாக்டரிடம் போனோம். பெண், என் வயதுதான் இருக்கும். ரத்தம் எடுத்து வெளியூருக்கு அனுப்பினார். பத்து நாள் கழித்துப் போனபோது கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்.

"ரத்தத்துல காரீயம் இருக்கும்மா. ரொம்ப இருக்கு. மாத்திரை தர்றேன். ஆனா அது எங்கேயிருந்து உள்ள போகுதுன்னு கண்டுபிடிச்சு நிறுத்தாம எந்த மாத்திரையும் கேக்காது. உங்க ஊர்ல யார் யார் பட்டாசு வேலைக்குப் போறாங்க?"

"போகாதவுக யாருன்னு கேளுங்க டாக்டர்" என்றேன்.

ரத்தத்தில் இறங்கினாலும், மூளையில் அது செய்துவிட்டுப் போவதைத் திருப்ப முடியாது என்றும் சொன்னார். சீக்கிரம், சீக்கிரம் என்று மூன்று தடவை சொன்னார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரே இரண்டு நர்ஸுகளோடு எங்கள் ஊருக்கு வந்து, பள்ளிக்கூட வராண்டாவில் வைத்துப் பிள்ளைகளுக்கு ரத்தம் எடுத்தார். அநேகமாக எல்லாப் பிள்ளைகளுக்கும் இருந்தது. அதிகமாக இருந்தது என் மகளுக்கும் மூன்றாவது வீட்டுக்காரியின் பையனுக்கும். கம்பெனித் தூசி துணியிலும் முடியிலும் வீட்டுக்கு வருகிறது, குளித்து உடுப்பு மாற்றாமல் யாரும் பிள்ளையைத் தொடக் கூடாது என்றார். எங்களுக்கும் அது சரியாகப் பட்டது. வேறு எதையும் நாங்கள் நினைத்துப் பார்க்கவில்லை.

முதலில் கம்பெனியிலேயே குளிக்க இடம் கேட்டோம். நானும் ஆறு பெண்களும் போனோம். போர்மேன் கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்.

"சீசன் ஆரம்பிக்கப் போகுது, லோடு போக நேரமில்ல. குளிச்சுட்டுப் போறதுக்கு இது என்ன குத்தாலமா? காரீயம் கீரியம்னு வெளிய பேசிக்கிட்டுத் திரிஞ்சீக, நாளைக்கு கம்பெனியவே பூட்டிருவாக. பெறகு என்னத்தத் திம்பீக?"

கூட வந்த பெண்களில் நாலு பேர் அப்போதே பின்வாங்கிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

அதனால் ஊருக்குள்ளேயே செய்தோம். கம்பெனி வண்டி நிற்கிற இடத்தில் மாடு தண்ணீர் குடிக்கிற பழைய சிமெண்ட் தொட்டி ஒன்று வறண்டு கிடந்தது. அதைத் தேய்த்துக் கழுவினோம். வேலிக்கருவைக் கம்பு நட்டுச் சாக்குப் படுதா கட்டி, முன்பக்கம் பெண்களுக்கு, பின்பக்கம் ஆண்களுக்கு என்று மறைப்பு செய்தோம். தண்ணீருக்குத்தான் உயிர் போனது. குழாய் வாரத்துக்கு ஒரு நாள் வரும், மற்ற நாள் லாரித் தண்ணீர். வீட்டுக்கு ஒரு குடம் முறை வைத்துத் தொட்டியில் ஊற்றுவது என்று முடிவானது. குடிக்கவே இல்லாத ஊரில் ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுபோய்த் தொட்டியில் ஊற்றுவது என்றால் என்னவென்று எங்கள் பக்கத்தில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். வைதுகொண்டே ஊற்றினார்கள். ஆனால் ஊற்றினார்கள்.

சாயங்காலம் வண்டி வந்தால் எல்லாரும் அங்கேயே இறங்கிக் குளித்து, வீட்டிலிருந்து வந்த மாற்றுத் துணியை உடுத்தி, வேலைத் துணியைப் பையில் கட்டிக்கொண்டுதான் தெருவுக்குள் நுழைய வேண்டும். முதல் வாரம் ஆண்கள் ஒருவரும் படுதாவுக்குப் பின்னால் போகவில்லை. "ஏலே, டீச்சரம்மா நமக்குக் கல்யாணம் வச்சிருக்காக போல, மஞ்சத் தண்ணி ஊத்தப் போறாக" என்று சிரித்தார்கள். சிரித்தவர்களின் பெண்டாட்டிகள் கதவைச் சாத்தி வைத்தார்கள். இரண்டாவது வாரம் ஆண்களும் குளித்தார்கள். ஆடியில் ஊரே பழகிவிட்டது.

நான் தினமும் தொட்டியடியில் நின்றேன். குளிக்காமல் நழுவுகிறவர்களைத் துரத்திப் பிடித்தேன். தலை நனையாதவர்களை மறுபடி உள்ளே அனுப்பினேன். என் மகள் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மண்ணில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருப்பாள். கோடுதான், எழுத்து ஒன்றும் வராது. அவளைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்கு யார் மேலாவது பாய வேண்டும் போலிருக்கும்.

ஒரு நாள் பாய்ந்தேன். மூன்றாவது வீட்டுக்காரி வண்டியிலிருந்து இறங்கினாள். அவள் பையன் எங்கிருந்தோ ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டான். அவள் யோசிக்காமல் தூக்கி இடுப்பில் வைத்துவிட்டாள். எல்லார் முன்னாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன்.

"ஒனக்குப் புள்ள பொழைக்கணுமா வேண்டாமா? தெனமும் அந்தத் தூசியோட எம்மகளையும் தூக்கித் தூக்கி வச்சிருந்தது நீதான. ஒன்னாலதாண்டி அவ இப்படிக் கெடக்கா."

அவள் பையனைக் கீழே இறக்கிவிட்டாள். அவன் அழுதான். அவள் படுதாவுக்குள் போனாள். அன்றிலிருந்து என் மகளை அவள் தொட்டதில்லை. நான் அதைப் பெரிய வெற்றியாக நினைத்தேன்.

ஆவணி கடைசியில் டாக்டர் மறுபடி வந்து ரத்தம் எடுத்தார். பள்ளிக்கூடத்துக்குப் போகிற பெரிய பிள்ளைகளுக்கு இறங்கியிருந்தது. அம்மாக்கள் பட்ட பாடு வீண் போகவில்லை. ஆனால் பால்வாடிப் பிள்ளைகளுக்கு இறங்கவில்லை. மூன்றாவது வீட்டுப் பையனுக்கு ஏறியிருந்தது. என் மகளுக்கு அதைவிட ஏறியிருந்தது.

டாக்டர் போனில் எதுவும் சொல்லவில்லை, நேரில் வருகிறேன் என்றார். வந்தவர் நேராகப் பால்வாடிக்குள் நுழைந்தார். காலை நேரம். பிள்ளைகள் சுவரோரம் வரிசையாக நின்று எழுதிக்கொண்டிருந்தார்கள். என் மகள் மற்றவர்களைப் பார்த்துப் பார்த்து விரலை வாயில் வைத்துவிட்டு 'அ'வின் மேல் ஓட்டிக்கொண்டிருந்தாள். அது ஒன்று மட்டும் அவளுக்கு மறக்கவில்லை.

"டீச்சர், இது என்ன கலர்?"

"கம்பெனியில கெடைக்குற செவப்பு டாக்டர். டின்னுல..." என்று ஆரம்பித்தேன். பாதியில் என் காதில் என் குரல் விழுந்தது. ஆயா பின்னாலிருந்து, "டீச்சர்தான் கொளுத்திப் பாத்தாக, பத்தவே இல்லயே" என்றார்.

டாக்டர் என்னைத் திட்டவில்லை. பிள்ளைகளை வெளியே அனுப்பச் சொன்னார். சிறு கத்தியால் சுவரைச் சுரண்டி உறையில் போட்டுக்கொண்டார். சோதனை முடிவு வருகிறவரை காத்திருக்க வேண்டாம், இது காரீயப் பொடிதான், உலர்ந்தபடி சுரண்டினால் பறக்கும், நனைத்து நனைத்துச் சுரண்டி எடுத்துக் குழியில் புதையுங்கள் என்றார். போகும்போது திரும்பி நின்று கேட்டார்.

"இந்தப் பொடி வேற எங்கயாவது இருக்கா? யார் வீட்லயாவது?"

"இல்ல" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று இத்தனை வருஷமாக என்னையே கேட்டிருக்கிறேன். பயம். வேறு ஒன்றும் இல்லை. ஒன்பது வீட்டுக்கும் நான் என் கையால் பொட்டலம் கட்டிக் கொடுத்தது கண்ணுக்குள் நின்றது. நாலு மாதமாகத் தொட்டியடியில் நின்று ஊரையே மிரட்டிய வாய் அது, "நான்தான்" என்று சொல்ல வரவில்லை.

ஆபீஸ் உத்தரவு என்று சொல்லிப் பால்வாடியை நாலு நாள் மூடினோம். வெளியே தெரிந்தால் இரண்டு பேர் வேலையும் போகும் என்று ஆயாவின் வாயை அடைத்தேன். நானும் ஆயாவும் ஈரச் சாக்கைப் போட்டு ஊறவைத்துச் சுரண்டினோம். அ போனது, ஆ போனது. ஒவ்வொரு எழுத்தின் மேலும் பிள்ளைகளின் விரல் ஓடி ஓடித் தேய்ந்த பள்ளம் இருந்தது. 'அ'வில் பாதிக்கு மேல் நிறமே இல்லை. அந்த நிறமெல்லாம் எங்கே போயிருக்கும் என்று யோசித்தபோது ஆயாவுக்குத் தெரியாமல் வெளியே போய் வாந்தி எடுத்தேன்.

வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னேன். அவர் எழுந்துபோய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்தார்.

"இந்தா பாரு, சொல்லாத. சொன்னா இந்த ஊருல இருக்க முடியாது. வேலையும் போகும். தீவாளிக்கு வெள்ளையடிங்கன்னு வீடு வீடாச் சொல்லிவிடு. அதுவா மறைஞ்சிரும்."

சொல்லிப் பார்த்தேன். "தீவாளிக்கா? சீசன்ல தலை சீவ நேரமில்ல, நீங்க வேற டீச்சர்" என்று சிரித்தார்கள். எங்கள் பக்கத்தில் தீபாவளிக்கு யார் வெள்ளையடித்தார்கள்? ஒன்பது வீட்டிலும் பட்டை அப்படியே இருந்தது. பிள்ளைகள் அதில் சாய்ந்து உட்கார்ந்தார்கள், சாய்ந்து தூங்கினார்கள். சில வீடுகளில் விரலை நாக்கில் தொட்டுப் பட்டையில் எழுதிக்கொண்டிருந்தார்கள். டீச்சர் சொல்லிக்கொடுத்தது என்று அம்மாக்கள் பெருமையாகக் காட்டினார்கள். நான் "நல்லா எழுதுறானே" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

மூன்றாவது வீட்டுப் பையனுக்கு வலிப்பு வந்தது. சாத்தூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், மறுநாள் திரும்பி வந்தான். அப்போதும் நான் சொல்லவில்லை. அடுத்த வாரம் சாயங்காலம் மறுபடி வந்தது. சத்தம் கேட்டு ஓடினேன். பட்டைக்குப் பக்கத்தில் பாயில் கிடந்தான், வாயில் நுரை, கண் மேலே செருகியிருந்தது. அவள் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தாள். வாசல் நிறைய ஆட்கள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், டீச்சர் ஏதாவது சொல்வார் என்று. என் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"இன்னைக்குக் குளிச்சியா? ஒழுங்காக் குளிச்சிட்டுத்தான் தொட்டியா?"

"குளிச்சேன் டீச்சர். எம்புள்ள மேல சத்தியமாக் குளிச்சேன் டீச்சர்" என்று அந்த அழுகையிலும் பதில் சொன்னாள். நனைந்த தலைமுடியைப் பிடித்து என்னிடம் காட்டினாள்.

அவனை மதுரைக்குக் கொண்டுபோனார்கள். மூன்று நாள் அங்கே இருந்தான். நாலாவது நாள் மதியம் கூட்டி வந்தார்கள். அவள் அன்றைக்குக் காலையிலேயே ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வேலைக்குப் போயிருந்தாள், சீசனில் அதற்கு மேல் லீவு எடுத்தால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். அவள் மாமியார்தான் பையனோடு வந்தது. நான் பார்க்கப் போனபோது அந்த அம்மா அவனை அதே பாயில், அதே சுவரோரத்தில் படுக்கவைத்து விசிறிக்கொண்டிருந்தது. அவன் கை சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தது.

அவனை வாரித் தூக்கி வெளியே வேப்பமரத்தடிக்குக் கொண்டுபோனேன். "ஏந்தாயி, வெயில்ல எதுக்கு?" என்று கிழவி பின்னாலேயே வந்தது. உள்ளே கொண்டுபோகாதீர்கள், அவன் அம்மா வருகிறவரை உள்ளே கொண்டுபோகாதீர்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுத் தொட்டியடிக்குப் போனேன். வண்டி வர இன்னும் நேரம் இருந்தது. உட்கார்ந்தால் எழுந்து ஓடிவிடுவேன் என்று நின்றுகொண்டே இருந்தேன்.

அங்கே நடந்ததை எழுதுவதற்கு முன்னால், பின்னால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அதைத் தள்ளிப்போடத்தான் இப்படிச் செய்கிறேன் என்பது எனக்கே தெரிகிறது.

ஒன்பது வீட்டுச் சுவரும் இரண்டு நாளில் சுரண்டப்பட்டது. டாக்டருக்குப் போன் செய்து, நான் சொன்னது பொய் என்று சொன்னேன். அவர் பெருமூச்சு விட்டார், உடனே வந்தார். தொட்டித் தண்ணீரைக் குடம் குடமாக மொண்டுபோய்ப் பெண்களே சுவரை நனைத்துச் சுரண்டினார்கள். என்னை ஆறு வீட்டில் உள்ளே விட்டார்கள், மூன்று வீட்டில் விடவில்லை. இரண்டு பேர் என் முகத்தில் துப்பினார்கள். பிள்ளைகளுக்குக் காரீயம் மெல்ல இறங்கியது. நான் எழுதிக்கொடுத்துவிட்டு வேலையை விட்டேன். என் மகளுக்குப் பேச்சு திரும்பியது, ஆனால் யார் வீட்டில் என்ன குழம்பு என்று கேட்கிற பேச்சு இல்லை. கேட்டதற்குப் பதில் வரும், அவ்வளவுதான். காலையில் சொல்லிக்கொடுத்த எழுத்து மதியம் அவளுக்குத் தெரியாது. மூன்றாவது வீட்டுப் பையனுக்கு வலிப்பு நிற்க இரண்டு வருஷமானது. எங்கள் ஊரில் குளித்துவிட்டு வீட்டுக்குள் போகிற பழக்கம் நின்றுவிட்டது. அதைப் பற்றி யாருக்கும் ஞாபகப்படுத்துகிற யோக்கியதை எனக்கு இல்லாமல் போனது.

அன்றைக்கு வண்டி வந்தது. எல்லாரும் இறங்கினார்கள். யாரும் உள்ளே போவதற்கு முன்னால், நான் சாக்குப் படுதாவின் கம்பைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். தீக்குச்சி வைத்துப் பார்த்ததிலிருந்து டாக்டரிடம் இல்லை என்று சொன்னதுவரை எல்லாவற்றையும் சொன்னேன். பொடியை யார் கொண்டுவந்தது என்பதை மட்டும் சொல்லவில்லை. நான் கேட்டு வாங்கினேன் என்று சொன்னேன். முதலில் யாருக்கும் புரியவில்லை. பிறகு ஒருத்தி "ஐயோ, எம்புள்ள அதுலதான தெனமும் எழுதுவான்" என்று கத்திக்கொண்டு குளிக்காமலே வீட்டுக்கு ஓடினாள். அவள் பின்னால் எல்லாரும் ஓடினார்கள். கூட்டம் கலைந்தபின் மூன்றாவது வீட்டுக்காரி மட்டும் நின்றாள். கையிலெல்லாம் சிவப்புப் பொடி. முகத்தில்கூட இருந்தது.

"எம்மயன் வந்துட்டானா?" என்று கேட்டாள்.

"வந்துட்டான். வேப்பமரத்தடியில இருக்கான். உள்ள விடல."

தலையாட்டினாள். "எம்புட்டு நாளா தெரியும் டீச்சர்?"

"பத்தொம்பது நாளு."

அவள் விரலை மடக்கி எண்ணினாள்.

"அப்ப அன்னைக்கு எம்புள்ள வாயில நுரையோட கெடந்தப்ப, குளிச்சியான்னு கேட்டீகளே. தெரிஞ்சுதான் கேட்டீகளா?"

"ஆமா" என்றேன்.

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் குடத்தை எடுத்துத் தொட்டியில் மொண்டுகொண்டு படுதாவுக்குள் போனாள். தலையில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. ஒரு குடம், மறுபடி வந்து இன்னொரு குடம், மறுபடி இன்னொரு குடம். ஊரெல்லாம் குளிக்காமல் ஓடியிருந்தது, அவள் மட்டும் நகத்தின் அடிவரைக்கும் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் போய்ப் பிள்ளையைத் தூக்க வேண்டும்.